தள்ளுவண்டியில் வந்த தேநீர்: பாவிங்டன் விஷக் கொலைகள், 1971

முடி கொட்டுகிறது என்றால் நாம் யாரும் பயப்படுவதில்லை. தண்ணீர் சரியில்லை, ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று எதையாவது சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். 1971 இலையுதிர் காலத்தில் லண்டனுக்கு வடமேற்கே பாவிங்டன் என்ற கிராமத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இளைஞருக்கு முதலில் வந்தது பாத எரிச்சல். நடக்க முடியவில்லை. படுத்தால் போர்வை காலில் படுவதைக்கூடத் தாங்க முடியவில்லை. அப்புறம் முடி. விரலால் கோதினால் கொத்தாகக் கையோடு வந்தது. சில நாட்களில் தலை மொட்டை. அதே சமயத்தில் அவரோடு வேலை பார்த்த இன்னொருவருக்கும் அதே கதி.

இவர்களுக்கு முன்பே, ஜூலை மாதத்தில், அந்த இடத்தின் ஸ்டோர் பொறுப்பாளர் பாப் எகில் இறந்துபோயிருந்தார். நவம்பர் 19, வெள்ளிக்கிழமை, ஃபிரெட் பிக்ஸ் என்ற மூத்த ஊழியரும் இறந்தார். அந்த வார இறுதிக்குள் போலீஸ் ஆளைப் பிடித்துவிட்டது. ஆறு மாதமாக எந்த ஆஸ்பத்திரியும் கண்டுபிடிக்காததை, கூப்பிட்ட ஒன்றிரண்டு நாளில் போலீஸ் முடித்தது. விஷம் வைத்தவனின் சாமர்த்தியத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எனக்கு அதில் அக்கறை இல்லை. பதில் ஒன்பது வருஷமாக அரசாங்க அலமாரியில் தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஆறு மாதம் நீடித்த 'ஊர்க் கிருமி'

ஜான் ஹாட்லண்ட் லேபரட்டரீஸ் என்பது அந்த நிறுவனத்தின் பெயர். அதிவேக கேமராக்களுக்கும் ஒளியியல் கருவிகளுக்கும் பெயர் பெற்றது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், முதலாளி தொழிலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அப்படிப்பட்ட இடம். 1971 மே 10 அன்று ஸ்டோரில் உதவியாளராக கிரஹாம் யங் என்ற 23 வயது இளைஞன் சேர்ந்தான். அதிகம் பேசமாட்டான். பேசினால் ஹிட்லர், இல்லையென்றால் மருத்துவம்.

அங்கே தேநீர் வந்த முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பெண்மணி தள்ளுவண்டியில் தேநீர் கொண்டுவந்து நடைவழியில் நிறுத்துவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்பை உண்டு. ஸ்டோர் ஆட்களுக்கான கோப்பைகளை வண்டியிலிருந்து எடுத்துவந்து கொடுக்கும் வேலை புதுப் பையனுடையதாகிவிட்டது. எந்தக் கோப்பை யாருடையது என்பது பார்த்தாலே தெரியும். வண்டிக்கும் ஸ்டோர் கதவுக்கும் நடுவே சில அடி தூரம். அந்தத் தூரத்தைக் கடக்கும்போது அவன் தனியாக இருந்தான். ஒரு பாத்திரத்தில் விஷம் கலந்தால் குடித்த எல்லோரும் விழுவார்கள், விஷயம் அன்றே வெளியே வந்துவிடும். இங்கே இன்று இவர், அடுத்த வாரம் அவர் என்று ஒரே ஆள் பொறுக்கி எடுக்க முடிந்தது.

எகிலுக்கு 59 வயது. இரண்டாம் உலகப்போரில் டன்கிர்க் கடற்கரையிலிருந்து தப்பி வந்த வீரர். புதுப் பையன் சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் அவருக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் ஆரம்பித்தன. விடுமுறைக்கு கிரேட் யார்மவுத் கடற்கரைக்குப் போனார், தேறினார். வேலைக்குத் திரும்பினார், மறுபடியும் விழுந்தார். இந்த முறை விரல் நுனி மரத்தது, முதுகில் பொறுக்க முடியாத வலி, அப்புறம் கைகால் விழுந்தது, பேச்சும் போனது. ஜூலை 7 அன்று இறந்தார். காரணம் நிமோனியா, அதற்கு அடிப்படை கில்லன்-பாரே நரம்புநோய் என்று எழுதினார்கள். 2025 தொடக்கத்தில் புனேயில் பரவியபோது நம் பத்திரிகைகளில் அடிபட்டதே, அதே நோய்தான். கைகால் கீழிருந்து மேலாகச் செயலிழந்துகொண்டே வரும். எகிலுக்கு வந்ததும் வெளிப்பார்வைக்கு அப்படியே இருந்தது. டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 59 வயது ஸ்டோர் மேனேஜருக்கு யார் விஷம் வைப்பார்கள்? உடலை எரித்தார்கள்.

இறுதிச் சடங்குக்கு ஸ்டோரின் சார்பில் போனவன் யங். நிர்வாக இயக்குநரோடு ஒரே காரில் போனான். வழியில் எகிலின் நோயைப் பற்றி டாக்டர் மாதிரி விளக்கினானாம். பையனுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று அவர் வியந்ததோடு சரி.

ஸ்டோரில் இருந்த இன்னொருவருக்கும் அதே வயிற்று வலி வந்துகொண்டிருந்தது. அவர் வேறு வேலைக்குப் போனார், வலி நின்றது. கையில் கிடைத்த முதல் துப்பு அதுதான், ஆனால் துப்பு என்று பார்க்க அங்கே ஆள் இல்லை. 'பாவிங்டன் கிருமி' என்று ஊரில் ஒரு பெயர் உலவியது. தண்ணீர்க் குழாயில் கோளாறு என்றார்கள் சிலர். பக்கத்திலிருந்த கைவிடப்பட்ட போர்க்கால விமானத்தளத்திலிருந்து கதிர்வீச்சு வருகிறது என்றார்கள் வேறு சிலர். வேலை பார்த்தவர்கள் உள்ளே போகவே பயந்தார்கள். பயத்திலும் பதினொரு மணிக்கு வண்டி வந்தால் தேநீர் குடித்தார்கள். மனத்தைத் தேற்றிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

இலையுதிர் காலத்தில் அடுத்த சுற்று. பிக்ஸுக்கு 60 வயது. உள்ளூர் கவுன்சிலர். நெஞ்சு வலி, நடை தள்ளாட்டம், பார்வை மங்கல் என்று படிப்படியாக மோசமானார். லண்டனின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவர்கள் அந்த நாட்டின் மிகச் சிறந்த நரம்பியல் டாக்டர்கள். அவர்களாலும் காப்பாற்ற முடியவில்லை.

உடம்பை ஏமாற்றும் உலோகம்

எகிலையும் பிக்ஸையும் கொன்றது தாலியம் என்ற உலோகம். அதை 1861இல் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கில வேதியியலாளர் கண்டுபிடித்தார். நிறமாலையில் பளிச்சென்று ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. அதனால் துளிர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். இவ்வளவு அழகான பெயர் இதற்கு வந்தது கொடுமை. அதன் உப்புகளுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவை என்று சொல்ல எதுவும் இல்லை. தண்ணீரில் கரைந்துவிடும். ஒரு காலத்தில் எலி மருந்தாக விற்றார்கள். அதற்கும் முன்னால், தலையில் படர்தாமரை வந்த குழந்தைகளுக்கு முடியை உதிர்ப்பதற்காக டாக்டர்களே இதைக் கொடுத்தார்கள். அதில் குழந்தைகள் செத்ததும் உண்டு.

இது எப்படிக் கொல்கிறது என்பதில்தான் நோய் ஏன் பிடிபடவில்லை என்பதும் இருக்கிறது. இளநீரிலும் வாழைப்பழத்திலும் நாம் தேடிக் குடிக்கிற, சாப்பிடுகிற பொட்டாசியம் இருக்கிறதல்லவா, அதன் அளவையும் மின்னேற்றத்தையும் தாலியம் கிட்டத்தட்ட ஒத்திருக்கும். உடம்பு இரண்டையும் பிரித்தறியாது. நரம்பு, தசை, இதயம் என்று பொட்டாசியம் எங்கெல்லாம் அவசரமாகத் தேவையோ அங்கெல்லாம் கதவைத் திறந்து உள்ளே விடும். போன இடத்தில் அது பொட்டாசியத்தின் வேலையைச் செய்யாது. அதனால் ஒரே நோயாளிக்கு முதலில் வயிறு கெடும், அப்புறம் கால் எரியும், இரண்டு மூன்று வாரம் கழித்து முடி கொட்டும். வயிற்றுக்கு ஒரு டாக்டர், நரம்புக்கு இன்னொருவர், தோலுக்கு வேறொருவர். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் தாலியம் என்ற சொல் நினைவுக்கு வரும். எகில் முடி கொட்டுவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இன்னொரு விசித்திரம் இங்கே உண்டு. தாலியம் சேர்ந்த அகச்சிவப்பு லென்ஸ்களோடு அந்த நிறுவனத்துக்குத் தொழில்ரீதியான தொடர்பு இருந்தது. ஆனால் அந்த வளாகத்தில் தாலியம் சேமித்து வைக்கப்படவில்லை. விசாரித்தவர்கள் அதைச் சரியாகவே பார்த்தார்கள்: இங்கே தாலியம் இல்லை, ஆகவே இது தாலியம் இல்லை. யங் அதை லண்டனில் ஒரு மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்தான். முதலில் எழுத்துப்பூர்வ அனுமதி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளோடு திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனான்.

போலீஸ் வந்த நாள்

பிக்ஸ் இறந்ததும் தொழிற்சாலையில் பயம் எல்லை மீறியது. ஊழியர்கள் எல்லோரையும் உணவுக்கூடத்தில் கூட்டி, நிறுவனத்துக்காக வந்த டாக்டர் தைரியம் சொன்னார். கதிர்வீச்சு இல்லை, கன உலோக நச்சும் இல்லை, ஏதோ வைரஸாக இருக்கலாம் என்ற ரீதியில் பேசினார். வேறு கேள்வி உண்டா என்றார். பின்னாலிருந்து யங் எழுந்தான். இந்த அறிகுறிகள் தாலிய நச்சோடு ஒத்துப்போகின்றன என்று உங்களுக்குத் தோன்றவில்லையா என்று கேட்டான்.

அந்தக் கூடத்தில் அப்போது விழுந்திருக்கக்கூடிய அமைதியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். டாக்டர் அவனைத் தனியே அழைத்துப் பேச்சுக் கொடுத்தார். ஒரு ஸ்டோர் உதவியாளன் நச்சியல் பேராசிரியர் மாதிரி பேசுவதைக் கேட்டுவிட்டு நிர்வாகத்திடம் போனார். நிர்வாகம் போலீஸைக் கூப்பிட்டது.

வந்தவர் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டின் துப்பறியும் தலைமை இன்ஸ்பெக்டர் ஜான் கிர்க்பாட்ரிக். அவர் செய்தது மிகச் சாதாரணமான காரியம். யார் யாருக்கு எப்போது உடம்பு கெட்டது என்று ஒரு பட்டியல், யார் யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று ஒரு பட்டியல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மே மாதத்துக்கு முன்னால் அந்த வியாதி இல்லை. மே மாதம் ஸ்டோருக்கு வந்தவன் ஒருவன். டாக்டர்கள் நோயாளியின் உடம்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் நோயாளி நின்ற இடத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்தவரை இந்த வழக்கில் துப்பறிதல் என்று சொல்ல வேண்டியது இந்த ஒரு செயல்தான், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்துவிடும் என்பதற்காக அதன் மதிப்பு குறையாது.

பிறகு ஸ்காட்லாந்து யார்டிடம் பெயரைக் கொடுத்து, பழைய குற்றம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்று பதில் வந்தது. கிரஹாம் யங், விஷம் வைத்த குற்றம், 1962, பிராட்மூர் மனநலக் காப்பகம்.

யங் அப்போது கென்ட் மாவட்டத்தில் ஷியர்னஸில் இருந்த தன் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தான். அங்கேயே கைது செய்தார்கள். சட்டையோடு தாலியம் வைத்திருந்தான். மாட்டிக்கொண்டால் தானே விழுங்கிக்கொள்வதற்காம்.

அவன் வாடகைக்கு இருந்த அறைக்குள் போன போலீஸ்காரர்கள் கண்டது இது. சுவரில் ஹிட்லரும் மற்ற நாஜித் தலைவர்களும். அலமாரியிலும் ஜன்னல் விளிம்பிலும் குப்பிகள், குழாய்கள். ஓவியங்கள்: மொட்டைத் தலையோடு, எலும்பும் தோலுமாக, தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உருவங்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு நாட்குறிப்பு. அதில் பெயர் இல்லை, முதலெழுத்துகள் மட்டும். F, D, J. யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், என்ன விளைவு என்று ஆய்வகக் குறிப்புப்போல எழுதியிருந்தான். F என்ற மனிதர் பிழைத்தாலும் மூளை கெட்டு வெறும் கூடாகத்தான் இருப்பார், அவர் செத்தால் நல்லது என்று ஒரு பதிவு. அவர்தான் பிக்ஸ். J என்பவருக்குச் செய்ததை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது என்று இன்னொரு பதிவு. அந்த J தினமும் அவனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டில் இறக்கிவிட்டவர்.

எனக்கு மற்ற எதையும்விட இதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அவனுக்கு இவர்கள் யார்மீதும் கோபம் இல்லை. எகில் அவனை நன்றாக நடத்தினார். பிக்ஸ் அவனிடம் அன்பாகப் பேசினார். கோப்பையை அவர்கள் கையில் கொடுக்கும்போது சிரித்திருப்பான்.

நீதிமன்றத்தில் அந்த நாட்குறிப்பைக் காட்டிக் கேட்டபோது, அது தான் எழுத நினைத்த ஒரு நாவலுக்கான குறிப்பு என்றான்.

1962இல் எழுதி வைத்தது

யங் 1947இல் பிறந்தான். பிறந்த சில மாதங்களிலேயே அம்மா காசநோயில் போய்விட்டார். அத்தை வீட்டில் வளர்ந்தான், அப்பா மறுமணம் செய்துகொண்டதும் லண்டனின் நீஸ்டன் பகுதிக்கு வந்தான். 13 வயதிலேயே கடைக்காரர்களிடம் வேதியியல் அறிவைக் காட்டி, வயதைக் கூட்டிச் சொல்லி, கடையின் விஷப் பதிவேட்டில் பொய்ப் பெயரில் கையெழுத்துப் போட்டு ஆண்டிமனி என்ற நச்சுப் பொருளை வாங்கினான்.

முதலில் பள்ளித் தோழன். பிறகு வீடு. 1961 நவம்பரில் ஒரு காலை அக்காவுக்குத் தேநீர் புளித்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே கொட்டினாள். ரயிலில் போகும்போதே கண் இருண்டு புத்தி தடுமாறியது. ஆஸ்பத்திரியில் பெல்லடோனா என்ற செடியின் நச்சு என்று தெளிவாகவே சொன்னார்கள். அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. அக்கா அந்தக் கோப்பையில் ஷாம்பு கலக்கியிருப்பாள் என்று பையன் சொன்னான். அப்பா அதோடு விட்டுவிட்டார். பெற்ற பிள்ளை, 14 வயது, வேறு என்ன நினைப்பார்?

1962 ஏப்ரல் 21 அன்று சிற்றன்னை மோலி இறந்தார். முன்பு ஒரு பஸ் விபத்தில் அடிபட்ட முதுகெலும்பைக் காரணம் காட்டினார்கள். எரித்தார்கள். அடுத்து அப்பா விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஆண்டிமனி என்று கண்டுபிடித்தார்கள். இந்தச் சமயத்தில் காரியத்தைச் செய்தவர் அவனுடைய வேதியியல் ஆசிரியர். பையனின் மேசையைத் திறந்து பார்த்தார். விஷக் குப்பிகள், செத்துக்கொண்டிருக்கும் மனிதர்களின் படங்கள், விஷக் கொலைகாரர்களைப் பற்றிய எழுத்துகள். உடனே சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னார். ஒரு மனநல மருத்துவர், வேலைவாய்ப்பு ஆலோசகர் என்ற வேடத்தில் வந்து பையனைப் பேசவிட்டார். பெருமையாகப் பேசினான். மே 23 அன்று கைது.

அப்பா, அக்கா, தோழன் மூவருக்கும் விஷம் வைத்ததாக ஒப்புக்கொண்டான். உள்துறை அமைச்சரின் அனுமதியில்லாமல் 15 வருஷத்துக்கு வெளியே விடக்கூடாது என்ற உத்தரவோடு பிராட்மூருக்கு அனுப்பினார்கள். எட்டரை வருஷத்தில், 1971 பிப்ரவரி 4 அன்று, குணமாகிவிட்டான் என்று வெளியே விட்டார்கள். வெளியே வந்தால் உள்ளே கழித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு ஆளைக் கொல்வேன் என்று ஒரு செவிலியரிடம் அவன் சொன்னதாகப் பின்னால் பேசப்பட்டது.

ஸ்லோ நகரத்துப் பயிற்சி மையத்தில் ஸ்டோர் வேலை கற்றுக்கொண்டான். அங்கே கூடப் படித்த ஒருவருக்கும் வயிற்று வலியும் கால் பலவீனமும் வந்தன. யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. பாவிங்டன் நிறுவனம் பொறுப்பாக நடந்துகொண்டு, இவனைப் பற்றி விவரம் கேட்டது. வந்த மருத்துவக் கடிதத்தில், ஆழ்ந்த ஆளுமைக் கோளாறால் இளமைப் பருவம் முழுக்க மருத்துவமனையில் இருந்தவர், இப்போது முற்றிலும் தேறிவிட்டார் என்று இருந்தது. விஷம் என்ற சொல் இல்லை. பிராட்மூர் என்ற சொல் இல்லை. அவனுக்கு மறுவாழ்வு கொடுக்க நினைத்தவர்களின் நல்ல மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. தண்டனை முடித்து வந்தவனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நினைப்பவன்தான் நானும். ஆனால் தேநீர்க் கோப்பையில் விஷம் வைத்தவனை, தேநீர்க் கோப்பைகள் கைமாறும் இடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பினார்கள். எகிலின் குடும்பத்துக்கு அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

சாம்பல்

பிக்ஸின் உடலில் தாலியம் கிடைத்துவிட்டது. எகிலின் உடல்தான் இல்லையே. தடயவியல் ஆட்கள் புதைத்திருந்த அஸ்தியைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். 9 மில்லிகிராம் தாலியம் இருந்தது. எரித்த சாம்பலை வைத்து ஒரு கொலைவழக்கை நிரூபித்தது அதுவரை நடக்காத ஒன்று.

செயின்ட் ஆல்பன்ஸ் நீதிமன்றத்தில் 1972 ஜூன் 29 அன்று தீர்ப்பு. இரண்டு கொலை, இரண்டு கொலை முயற்சி, விஷம் வைத்ததாக மேலும் இரண்டு. ஆயுள் தண்டனை. தீர்ப்பு வந்த கையோடு உள்துறை அமைச்சர் குழு அமைத்தார். இப்படிப்பட்டவர்களை வெளியே விடுவதற்கு முன் தனிக் குழு பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு அதிலிருந்துதான் வந்தது. யங் 1990 ஆகஸ்ட் 1 அன்று பார்க்ஹர்ஸ்ட் சிறையில் மாரடைப்பில் இறந்தான். வயது 42.

மோலியைக் கொன்றதாக அவன் பின்னால் ஒப்புக்கொண்டான். அந்தச் சாவுக்காக அவன்மீது கடைசிவரை வழக்கு இல்லை. 1962இல் அந்தச் சாம்பலைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.